சிமெண்டில் கலக்கும் கனிமப் பொடி: காப்புரிமையா, ரகசியமா, வெளியீடா?

போன மாதம் விருத்தாசலத்திலிருந்து செராமிக் சூளை வைத்திருக்கும் ஒருவர் வந்திருந்தார். பையிலிருந்து ஓர் ஊறுகாய் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே இளஞ்சிவப்பு நிறத்தில் பொடி. தொட்டால் கோதுமை மாவைப் போல விரல் ரேகையில் ஒட்டிக்கொண்டது. களிமண்ணைச் சுட்டு அரைத்து, சுண்ணாம்புக்கல் தூளும் மூன்றாவதாக ஒரு கனிமமும் சேர்த்திருக்கிறார். (அந்த மூன்றாவது எது என்று சொல்லமாட்டேன், அது அவருடைய சொத்து.) சிமெண்டில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு இதைப் போட்டாலும் 28ஆம் நாள் கியூப் பலம் (சோதனைக்கு வார்த்த கனசதுரக் கட்டியை நசுக்கி அளப்பது) குறையவில்லையாம். "காப்புரிமை வாங்கிவிடலாமா சார்?"

காப்புரிமை முகவனான எனக்கு "வாங்கிவிடலாம்" என்று சொன்னால்தான் வருமானம். ஆனால் கனிமச் சேர்பொருள் விஷயத்தில் அப்படி அவசரப்பட்டு, பணமும் போய் ரகசியமும் போய் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. பொடியின் சேர்மானத்துக்குக் காப்புரிமை கேட்கலாம். அதைச் செய்யும் முறைக்குக் கேட்கலாம். யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொள்ளலாம். அல்லது ஊரறிய வெளியிட்டுவிட்டு ஒரு வணிகப் பெயரில் விற்கலாம். அன்று அவரிடம் பேசியதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

சேர்மானத்துக்குக் காப்புரிமை

முதலில் கழிக்க வேண்டியதைக் கழித்துவிடலாம். மண்ணிலிருந்து எடுத்த கனிமம் எவ்வளவு அரிதானதாக இருந்தாலும் அதற்கு உரிமை கிடையாது. இயற்கையில் உள்ள உயிரற்ற பொருளைக் கண்டெடுப்பது கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970இன் 3(சி) பிரிவு. அமெரிக்காவிலும் இதே நிலைதான். 1980இல் சக்கரவர்த்தி வழக்கில், மனிதர் உருவாக்கிய பாக்டீரியாவுக்குக் காப்புரிமை உண்டு என்று சொன்ன அந்நாட்டு உச்ச நீதிமன்றம், உண்டு என்று சொல்ல முடியாததற்கு எடுத்துக்காட்டாகச் சொன்னதே பூமியில் புதிதாகக் கிடைக்கும் கனிமத்தைத்தான்.

சரி, அரைத்து நைசாக்கினால்? அங்கே 3(டி) காத்திருக்கிறது. 2013இல் நோவார்ட்டிஸ் வழக்கில் பெயர் பெற்றதால் இதை மருந்து கம்பெனிகளுக்கான பிரிவு என்றே பலரும் நினைக்கிறார்கள். அதன் விளக்கக் குறிப்பைப் படித்துப் பாருங்கள். 'துகள் அளவு' என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. ஏற்கெனவே தெரிந்த பொருளின் துகள் அளவை மாற்றினால் அது அதே பொருள்தான். செயல்திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இருந்தால்தான் வேறு பொருளாகக் கருதப்படும். ஸ்லாக்கை (இரும்பு உலைக் கசடு) இன்னும் நைசாக அரைத்தேன், அனல்மின் நிலையச் சாம்பலை இன்னும் மெல்லிய சல்லடையில் சலித்தேன் என்பவை இங்கேயே தடுக்கி விழும்.

சுட்ட களிமண் என்பதும் புதிய சரக்கு இல்லை. நம் ஊர்க் கொத்தனார்கள் அதைச் சுர்க்கி என்பார்கள். சுட்ட செங்கல்லை இடித்துச் சுண்ணாம்போடு சேர்த்தது. 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த சாந்தில்தான் எழும்பியது. பாரம்பரிய அறிவுக்கு உரிமை இல்லை என்று சட்டத்தில் தனிப் பிரிவே உண்டு. ஒரே ஆறுதல், முழுக்கக் கனிமம் என்பதால் இவருக்குப் பல்லுயிர்ச் சட்டத்தின் அலைச்சல் இல்லை. கடுக்காய்ச் சாறு சேர்த்த சுண்ணாம்புக் கலவையோடு வந்திருந்தால் தரமணியில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் படியையும் ஏற வேண்டியிருக்கும்.

ஆக, மிஞ்சுவது கலவை. இங்கே ஒரு வேடிக்கை. கான்கிரீட் தொழிலில் இத்தகைய பொடிகளுக்கு மினரல் அட்மிக்சர் என்றுதான் பெயர். காப்புரிமைச் சட்டத்தின் 3(இ) பிரிவோ, பொருள்களின் பண்புகள் வெறுமனே ஒன்றுகூடும் கலவையை விலக்குவதற்கு அதே 'அட்மிக்சர்' என்ற சொல்லைத்தான் எடுத்துக்கொண்டது. தொழிலில் பெருமையாகச் சொல்லும் பெயர் சட்டத்தில் குற்றச்சாட்டாக நிற்கிறது. விண்ணப்பத்தின் தலைப்பிலேயே அந்தச் சொல்லை எழுதிக்கொண்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

3(இ)யைத் தாண்ட வேண்டுமானால், சேர்ந்தபோது தனித்தனிப் பண்புகளின் கூட்டலுக்கு மேலே ஒன்று நடந்தது என்று காட்ட வேண்டும். விளக்கத்துக்காக ஒரு கணக்கு. சிமெண்ட் மட்டும் போட்ட கியூப் 45 மெகாபாஸ்கலில் உடைகிறது என்று வையுங்கள். சுட்ட களிமண் மட்டும் சேர்த்தால் 48. சுண்ணாம்புக்கல் தூள் மட்டும் சேர்த்தால் 41. இரண்டும் சேர்ந்து 44 வந்தால் அது மூன்று கூடி நான்கு குறைந்த பள்ளிக்கூடக் கணக்கு. காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் ஒரே வரியில் மறுத்துவிடுவார். 51 வந்தால் பேச இடமிருக்கிறது.

இப்படி உண்மையிலேயே நடக்கவும் செய்கிறது. சுட்ட களிமண்ணில் இருக்கும் அலுமினா, சுண்ணாம்புக்கல்லின் கார்பனேட்டோடு சேர்ந்து கார்போஅலுமினேட் படிகங்களாகி நுண்துளைகளை அடைக்கிறது. தனித்தனியாகப் போட்டால் இது இந்த அளவுக்கு நடப்பதில்லை. 3(இ)க்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது. ஆனால் சங்கடமும் அங்கேதான். இந்த ஜோடியின் ரசாயனம் இன்று பாடப்புத்தகத்துக்கு வந்துவிட்டது. 3(இ)யைத் தாண்டினாலும் புதுமை, கண்டுபிடிப்புத் தன்மை ஆகிய இரண்டு படிகளில் விழும். எனவே விருத்தாசலத்துக்காரரின் வழக்கு முழுவதும் அந்த மூன்றாவது கனிமத்தின்மேல் நிற்கிறது. வெறும் சிமெண்டோடு ஒப்பிட்டு 'பலம் குறையவில்லை' என்றால் போதாது. களிமண், சுண்ணாம்புக்கல் ஜோடியோடு ஒப்பிட்டு, மூன்றாவது என்ன செய்தது என்று காட்ட வேண்டும்.

"அப்படி வார்த்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். அவரிடம் இரண்டே வரிசை எண்கள்தான் இருந்தன: சிமெண்ட் மட்டும் போட்டது, எல்லாம் சேர்த்தது. வருபவர்களில் அநேகமாக எல்லோரும் இந்த இரண்டு வரிசையோடுதான் வருகிறார்கள்.

ஒரு தாளில் கணக்குப் போட்டோம். மூன்று கனிமங்களும் இருப்பது, இல்லாதது என்று எட்டுக் கலவைகள். ஒன்பதாவதாக, அதே அளவு நைசாக அரைத்த குவார்ட்ஸ் தூள் சேர்த்த கலவை ஒன்று. நைசான தூள் எதுவாக இருந்தாலும் இடைவெளிகளை நிரப்பிக் கொஞ்சம் பலம் கொடுக்கும். 'இது வெறும் நிரப்பல்தானே' என்ற கேள்வி வராமலிருக்க அது வேண்டும். ஒவ்வொரு கலவையிலும் 3, 7, 28 நாள்களுக்கு மும்மூன்று கியூப். ஆக மொத்தம் 81 கியூப். 70.6 மில்லிமீட்டர் அச்சில் ஒரு கியூபுக்குச் சிமெண்டுக் கலவை 200 கிராம், மணல் 600 கிராம். ஆற்று மணலோ எம்-சாண்டோ செல்லாது. எண்ணூரிலிருந்து வரும் தரப்படுத்திய மணல்தான் வேண்டும், மூன்று பருமனிலும் சம பங்காக. 48 கிலோ 600 கிராம். இந்தியா முழுவதும் சிமெண்ட் சோதிக்கும் கூடங்களுக்கு மணல் நம் எண்ணூரிலிருந்துதான் போகிறது என்பது விருத்தாசலத்துக்காரருக்கே தெரிந்திருக்கவில்லை. வார்த்த கியூப்களைக் கெடு நாள் வரை 27 டிகிரித் தண்ணீரில் கிடத்தி வைக்க வேண்டும். இது ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமான வேலை. காப்புரிமை கிடைக்குமா கிடைக்காதா என்பதில் பாதிக்கு மேல் இந்தத் தண்ணீர்த் தொட்டியில்தான் முடிவாகிறது. கிண்டி காப்புரிமை அலுவலகத்தில் நடப்பது மீதி.

ஐரோப்பாவில் இன்னொரு கதவு திறந்திருக்கிறது. பொருள் பழையதாக இருந்தாலும், அதற்கு இதுவரை தெரியாத புதிய பயன் ஒன்றைக் கண்டால் அந்தப் பயன்பாட்டுக்கே உரிமை கேட்கலாம். 1989இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் விரிவாக்கப்பட்ட மேல்முறையீட்டு வாரியம் அப்படித் தீர்ப்பளித்தது. வழக்கில் இருந்ததும் ஒரு சேர்பொருள்தான்: துருப்பிடிக்காமல் இருக்க மசகெண்ணெயில் சேர்த்துவந்த பொருளுக்கு உராய்வைக் குறைக்கும் குணமும் உண்டு என்று கண்டார்கள். நம் 3(டி) இந்தக் கதவை அடைத்துவிட்டது. தெரிந்த பொருளுக்குப் புதிய பயன் என்பது மட்டும் இங்கே கண்டுபிடிப்பு ஆகாது. ஆனால் இதற்காக ஐரோப்பாவுக்கு ஓட வேண்டியதில்லை என்பது என் கருத்து. சிமெண்டில் போடும் பொடி கனமான, மலிவான சரக்கு. லாரி வாடகைக்கு மேல் தூரம் போகாது. தொழில்நுட்பத்தை உரிமம் கொடுத்து விற்கும் திட்டம் இருந்தால் ஒழிய வெளிநாட்டு விண்ணப்பச் செலவு வீண்.

செய்முறைக்குக் காப்புரிமையா, வாய்மூடி இருப்பதா

இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒன்றின் பலவீனம்தான் மற்றொன்றின் பலம். சிமெண்டின் வரலாறே இந்த இழுபறியில்தான் தொடங்குகிறது.

1824 அக்டோபர் 21 அன்று லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் 'போர்ட்லாண்ட் சிமெண்ட்' என்ற பெயரோடு காப்புரிமை பெற்றார். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சேர்த்துச் சுட வேண்டும் என்று அதில் இருக்கிறது. எவ்வளவுக்கு எவ்வளவு, எத்தனை சூட்டில் என்பது இல்லை. அன்றைய ஆங்கிலேயக் காப்புரிமைக்கு ஆயுள் 14 ஆண்டு, 1838இல் தீர்ந்துபோனது. இன்று நாம் போர்ட்லாண்ட் சிமெண்ட் என்று சொல்லும் கடினமான சரக்கை மிகுந்த சூட்டில் சுட்டு எடுத்தவர் அவருடைய மகன் வில்லியம், அதுவும் 1840களில்தான். மகன் காப்புரிமை பக்கமே போகவில்லை. உயரமான மதிலுக்குள் தொழிற்சாலை. சூளையில் சரக்கு அடுக்கும்போது அவரே உள்ளே போய், தட்டில் வைத்திருந்த மயில்துத்தம் முதலிய தூள்களைக் கைநிறைய அள்ளித் தூவுவார் என்று போட்டிக்காரர் ஐசக் ஜான்சன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். விசேஷமெல்லாம் அந்தத் தூளில்தான் இருக்கிறது என்று வேலையாள்கள் நம்பினார்கள். உண்மையில் விசேஷம் சூட்டில் இருந்தது. ஜான்சன் தாமாகவே சோதனை செய்து, கருகிப் பாறையாகிப்போன கட்டியை அரைத்துப் பார்த்து விடையைக் கண்டுபிடித்துவிட்டார்.

தந்தை எழுதிய மாதிரியான விண்ணப்பம் இன்று நிற்காது. 10(4) பிரிவின்படி, தமக்குத் தெரிந்ததிலேயே சிறந்த முறையை முழுமையாகச் சொல்ல வேண்டும். போதாமல் சொல்வதே எதிர்ப்பு மனுவுக்குக் காரணமாகும். உரிமையும் வேண்டும், சூட்டின் அளவும் மறைய வேண்டும் என்றால் நடக்காது.

மகனின் வழி இன்று பலிக்குமா? எதை மறைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. கனிமப் பொடியின் சேர்மானத்தை மறைக்க முடியாது. ஒரு மூட்டையை வாங்கி எக்ஸ்-கதிர் சோதனைக்கு அனுப்பினால் என்னென்ன ஆக்சைடு, என்னென்ன படிகம் என்பது வந்துவிடும். துகள் அளவுக்கு லேசர் கருவி இருக்கிறது. ஆனால் எத்தனை நிமிடத்தில் சூடேற்றினார்கள், எந்த வாயுச் சூழலில் ஆறவிட்டார்கள், எதை எதற்கு முன் அரைத்தார்கள் என்பதைப் பொடி அவ்வளவு எளிதில் சொல்லாது. அதே காரணத்தால்தான் செய்முறைக் காப்புரிமையும் ஆபத்தானது. 18 மாதத்தில் விண்ணப்பம் வெளியாகிவிடும். பக்கத்து மாவட்டத்துச் சூளைக்காரர் அதைப் படித்துவிட்டு இரவில் அப்படியே செய்தால் எப்படிப் பிடிப்பீர்கள்? 104ஏ பிரிவில் நிரூபிக்கும் சுமையை எதிராளிமேல் மாற்ற வழி இருக்கிறது. ஆனால் பொருளே புதியது என்றோ, அதே முறையில்தான் செய்திருக்க வாய்ப்பு அதிகம் என்றோ நீங்கள் முதலில் காட்ட வேண்டும். கான்கிரீட்டாக இறுகிய பிறகு பார்த்தால் இன்னும் சிரமம்.

எனவே நான் கொள்ளும் அளவுகோல் எளியது. மூட்டையைப் பிரித்தால் தெரிந்துவிடுவதற்குக் காப்புரிமை. பிரித்தாலும் தெரியாததற்கு மௌனம்.

விதிவிலக்கு ஒன்று அந்த ஊறுகாய் பாட்டிலிலேயே இருந்தது. களிமண்ணில் இரும்பு இருப்பதால் சுட்டதும் சிவக்கிறது. பலத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் சிமெண்ட் என்றால் சாம்பல் நிறம் என்று வாங்குபவர் மனத்தில் பதிந்திருக்கிறது. செங்கல் தூளைக் கலந்து ஏமாற்றுகிறார்கள் என்பார். ஆக்சிஜன் குறைந்த சூழலில் ஆறவிட்டால் இரும்பு வேறு ஆக்சைடாகி நிறம் சாம்பலுக்குத் திரும்பும். இது செய்முறைதான், ஆனால் விளைவு கண்ணுக்குத் தெரிகிறது, திருடினால் பிடிக்கலாம். அதனாலேயே பெரிய இயந்திரக் கம்பெனிகள் இந்த இடத்தில் ஏற்கெனவே காப்புரிமைகளை அடுக்கி வைத்திருக்கின்றன. இவருடைய சூளையில் நிறம் மாற்றும் முறை எதுவும் இல்லை. அதைக் கேட்டதும் அவர் முகம் கொஞ்சம் வாடியது.

ரகசியத்துக்குச் சட்டக் காவல் எவ்வளவு? இந்தியாவில் வணிக ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை. 2024 மார்ச்சில் சட்ட ஆணையம் தன் 289ஆவது அறிக்கையில் அப்படி ஒன்று வேண்டும் என்று பரிந்துரைத்தது. இப்போதைக்கு ஒப்பந்தமும் பொதுவான நீதி நெறியும்தான் துணை. சூளை மேஸ்திரியிடம் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள் என்றால் எல்லோரும் தயங்குகிறார்கள். "நம்ம ஆள்தான் சார்" என்பார்கள். நம்ம ஆள் ஒருநாள் சொந்தச் சூளை போடுவார்.

ஊரறியச் சொல்லிவிடுவது

இந்த நான்காவது வழியை யாரும் தாமாகக் கேட்பதில்லை. ஒரே ரசாயனத்தை வைத்து இரண்டு தரப்பினர் இரண்டு வழியில் போன கதையை அதனால்தான் அவருக்குச் சொன்னேன்.

டென்மார்க்கின் ஆல்போர்க் போர்ட்லாண்ட் நிறுவனம் சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் சேர்ந்த சிமெண்டுக்குக் காப்புரிமை எடுத்து, ஃபியூச்சர்செம் என்ற பெயரில் விற்கிறது. சுவிட்சர்லாந்தின் லொசானில் காரன் ஸ்க்ரிவெனர் குழுவினர், கியூபாவின் சாண்டா கிளாரா பல்கலைக்கழகத்தோடும் நம் டெல்லி, சென்னை ஐஐடிகளோடும் சேர்ந்து அதே குடும்பத்தைச் சேர்ந்த எல்சி3 சிமெண்டை ஆய்வுக் கட்டுரைகளாக வெளியிட்டுப் பரப்பினார்கள். கிளிங்கர் (அரைத்துச் சிமெண்டாக்கும் சூளைக் கட்டி) 50 சதவீதம், சுட்ட களிமண் 30, சுண்ணாம்புக்கல் 15, ஜிப்சம் 5 என்று விகிதத்தையே சொல்லிவிட்டார்கள். கிளிங்கருக்கு 1,450 டிகிரி வேண்டும். களிமண்ணுக்கு 700, 800 போதும். 2023இல் இந்தியத் தரநிர்ணய அமைப்பு இந்த வகைச் சிமெண்டுக்கு ஐஎஸ் 18189 என்று தரம் வகுத்தது. முதலாவது ஒரு நிறுவனத்தின் சொத்து. இரண்டாவது யாருடைய சொத்தும் இல்லை. ஆனால் ஒரு பொறியாளர் பயமில்லாமல் கையெழுத்துப் போடக்கூடிய பொருள்.

கட்டுமானத் தொழிலில் அந்தக் கையெழுத்துதான் எல்லாம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 456, அனல்மின் நிலையச் சாம்பல், சிலிகா ஃப்யூம், உமிச் சாம்பல், மெட்டாகயோலின் (சுட்ட வெண்களிமண்), ஸ்லாக் ஆகியவற்றைப் பெயர் சொல்லி அனுமதிக்கிறது. பட்டியலில் இல்லாத பொடியைப் பொதுப்பணித் துறை ஒப்பந்ததாரர் தொடமாட்டார். காப்புரிமை அலுவலகத்துக்குப் புதுமை வேண்டும். பொறியாளருக்குப் பழமை வேண்டும். இரண்டு பேரையும் ஒரே பொடியால் திருப்திப்படுத்துவது கடினம். இருபது ஆண்டு உரிமையில் முதல் ஏழெட்டு ஆண்டு தரச் சான்றுக்கு அலைவதிலேயே கழிந்துவிட்டால் மிச்சம் என்ன?

வெளியிட்டுவிட்டால் வேறு யாரும் அதற்குக் காப்புரிமை வாங்கி உங்களையே தடுக்க முடியாது. செலவும் இல்லை. வணிகப் பெயரைப் பதிவு செய்துகொண்டால் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து எத்தனை காலம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். சந்தையில் ஆல்கோஃபைன் என்று கேட்டு வாங்குகிறார்கள். அதன் உள்ளே இருக்கும் நுண்ணிய ஸ்லாக்குக்குப் பொதுவான ஐஎஸ் தரமும் இருக்கிறது. பெயருக்குக் கிடைக்கும் மதிப்பு ஒன்றும் குறைவானதல்ல. காப்பியடிப்பவர்களைத் தடுக்க முடியாது என்பதுதான் குறை. பெரிய சிமெண்ட் ஆலை உங்கள் விகிதத்தையே எடுத்து மலிவாக விற்றால் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

அவருக்குச் சொன்னது

தற்காலிக விண்ணப்பத்தை உடனே போடச் சொன்னேன். தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய். அதிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரத்தையும் கொடுத்தால் போதும். கொடுக்காவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகும், வெளியேயும் வராது, ரகசியம் பத்திரமாக இருக்கும். அந்த ஓராண்டுக்குள் 81 கியூபும் பேசிவிடும். மூன்றாவது கனிமம் கூட்டலுக்கு மேலே எதையாவது காட்டினால், அது காட்டிய அளவெல்லைக்குள் மட்டும் குறுகிய உரிமைக்கோரலாக எழுதிச் சேர்மானத்துக்குக் காப்புரிமை கேட்கலாம். அப்போது சிறந்த முறையையும் சொல்லியாக வேண்டும் என்பதால் சூளை ரகசியத்தில் எது போகும், எது மிஞ்சும் என்று அன்று உட்கார்ந்து பிரிக்க வேண்டும். எந்தக் குழியிலிருந்து மண் எடுப்பது, வந்த மண்ணை எப்படித் தரம் பிரிப்பது என்பவை மிஞ்சும். கூட்டல் மட்டும்தான் வந்தது என்றால் விண்ணப்பத்தை விட்டுவிட்டு, சூட்டு விவரத்தை மூடிவைத்து, பெயரைப் பதிவு செய்துகொண்டு எல்சி3 வரிசையில் சுட்ட களிமண் விற்கலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அவருடைய சூளைக்கு அதுதான் அதிக வருமானம் தரும் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது.

ஒரு விஷயம் மட்டும் கடைசியில் பயமுறுத்தியது. எழுந்துகொள்ளும்போது, நான்கு மாதத்துக்கு முன் மைத்துனர் வீட்டு முன்னால் வண்டி நிறுத்தும் தளத்துக்கு இதே கலவையைப் போட்டதாகச் சொன்னார். யார் யார் பார்த்தார்கள், யாரிடம் எதைச் சொன்னீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். வெளியில் வைத்துச் சோதித்தே தீர வேண்டிய கண்டுபிடிப்புக்கு, நியாயமான சோதனை என்ற அளவில், முந்தைய ஓராண்டுப் பயன்பாட்டை 32ஆம் பிரிவு மன்னிக்கிறது. கான்கிரீட் தளத்தை வேறு எங்கே சோதிப்பது என்று வாதாடலாம். "தளம் எப்படி இருக்கிறது?" என்றேன்.

"விரிசல் இல்லை சார். ஆனால் தங்கைக்குத்தான் அந்த ரோஸ் கலர் பிடிக்கவில்லை."